ஒரு நேரச் சாப்பாடும் சிவப்புச் சோஸும்

2014 டிசம்பர் 9, செவ்வாய்

இன்று வாயை விட்டுவிட்டேன். பொலிதேயாமா அரங்குக்குப் பின்தெருவில், இத்தாலிக்கார எசமானி சிஞ்ஞோராவின் ஏழு அறைகளையும் மூன்று வருடமாகத் துடைக்கிறேன். சமையல் லில்லியானுடையது, மொரீசியஸ்காரி. ஜனவரியில் அவள் ஒரேயடியாக ஊருக்குப் போகிறாள். அதற்குள் போன கிழமை படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஏஜென்சியில் ஆள் கேட்கச் சிஞ்ஞோரா போனை எடுத்தபோது, "நான் சமைப்பேன்" என்றேன். நானா சொன்னேன்?

மேலும் கீழும் பார்த்தார். மகன் லூக்கா அமெரிக்காவிலிருந்து புது மனைவியோடு நத்தாருக்கு வருகிறாராம். அந்தப் பெண்ணுக்கு வான்கோழியோடு கிரான்பெரி சோஸ் இல்லாவிட்டால் பெருநாளே இல்லையாம். "வான்கோழி கடையிலிருந்து வரும். சோஸை நீ செய்து காட்டு. சரிவந்தால் சமையலும் குசினியும் உன்னுடையது. இல்லாவிட்டால் ஏஜென்சி. மிளகாய் மட்டும் வேண்டாம், தானியா. உன் கை எப்போதும் மிளகாய் மணக்கிறது."

என் பெயர் தனுசியா. மூன்று வருடம்!

டிசம்பர் 12

அம்மாவும் நானும் பிள்ளையார் கதை விரதம். இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாடுதான், அதுவும் பின்னேரம் அம்மா கதை படித்து முடித்த பிறகு. "விரதத்தோடை சமைக்கிறவள் வாயிலை வைச்சுப் பாக்கிறேல்லை. மணத்தைப் பார், காணும்" என்பார். பதினைந்து வயதிலிருந்து அப்படித்தான் சமைக்கிறேன். குழம்பில் உப்புக் குறைந்தால் மணமே சொல்லிவிடும்.

டிசம்பர் 14, ஞாயிறு

பல்லரோச் சந்தை முழுக்கத் தேடினேன். கிரான்பெரி இல்லை. கடைக்கார நகுலேஸ்வரன் அண்ணை சிரித்தார்: "தங்கச்சி, முருங்கைக்காய் கேள், இருக்கு. பனங்கட்டி கேள், இருக்கு. அமெரிக்காக்காரன்ரை பழத்துக்கு நான் எங்கை போறது?"

கடைசியில் சுப்பர் மார்க்கெட்டில் காய்ந்த பழமாக நான்கு பக்கெட் கிடைத்தது.

டிசம்பர் 16

போச்சு.

இணையத்தில் இருந்த குறிப்பின்படியே செய்தேன். பழமும் சீனியும் சம நிறை. தோடம்பழத் தோல், கறுவா. மணம் அருமையாக இருந்தது. சிஞ்ஞோரா ஒரு கரண்டி எடுத்தார், வைத்தார்.

"இது ஜாம். பாணில் பூசலாம். நீ ருசி பார்த்தாயா?"

இல்லை என்றேன்.

"ருசி பார்க்காதவள் சமையல்காரி இல்லை."

அதன் பிறகுதான் பக்கெட்டின் பின்புறத்தை வாசித்தேன். காய்ந்த பழத்தில் ஏற்கெனவே சீனி ஏற்றியிருக்கிறார்கள். குறிப்பு பச்சைப் பழத்துக்கானது. ஒன்றே ஒன்றை வாயில் போட்டிருந்தால் விளங்கியிருக்கும். இவ்வளவு புத்தகம் வாசிக்கிறன், ஒரு பக்கெட்டை வாசிக்கேல்லையே. நாசமாப் போன பழம்!

24ஆம் திகதி மத்தியானம் வரை சிஞ்ஞோரா இன்னொரு தவணை தந்திருக்கிறார்.

டிசம்பர் 17

விரதத்தில் ருசி பார்ப்பதில்லை என்றதற்கு லில்லியான் வீடியோ போனில், கட்டுப் போட்ட கையோடு சிரிக்கிறாள்: "அந்த மேசையில் உன் கடவுளா சாப்பிடப் போகிறார்? சிஞ்ஞோரா, கண்ணே, சிஞ்ஞோரா!"

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

டிசம்பர் 21

நூலகத்திலிருந்து எடுத்த நாவல் முடிந்தது. பெரிய வீடு, பெரிய விருந்து. சமையல்காரிக்கு முந்நூறு பக்கத்தில் இரண்டு வசனம். இரண்டும் "சரி அம்மா".

டிசம்பர் 24

சீனி ஒரு சிட்டிகையும் போடவில்லை. பழத்தைத் தோடம்பழச் சாற்றில் ஊறவைத்து, வினாகிரி, இஞ்சி, இரண்டு கராம்பு சேர்த்து அடுப்பில் வைத்தேன். பிறகு செத்தல் மிளகாய் ஐந்தை விதையோடு கிள்ளிப் போட்டேன். வேண்டாம் என்றார்தான். ஆனால் அந்தப் பழத்தின் இனிப்பை அடக்க வேறொன்றாலும் முடியாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

பன்னிரண்டு மணிக்குக் குசினி மேசையில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு, பக்கத்தில் சோஸ். பிள்ளையாரே, இன்றைய ஒரு நேரம் இதுதான். ஒரு நேரம் என்றால் ஒரு நேரம்.

முதல் வாய்: உப்புக் காணாது. போட்டேன். இரண்டாவது: இன்னும் கொஞ்சம் வினாகிரி. மூன்றாவதில் காது சுட்டது. சரி.

சிஞ்ஞோரா வாசலில் நின்றார். "இந்த வீட்டில் எனக்கு முன்னால் யார் சாப்பிடுவது?"

"சமையல்காரி."

எழும்பவில்லை. அடுத்த வாய்ச் சோற்றைக் குழைத்தேன்.

சட்டிக்குள் பார்த்தார். "மிளகாய்!"

"ஐந்து."

"வேறு தேட இனி நேரமில்லை. நாளை என் மேசையில் அவமானப்பட்டால், துடைக்கவும் நீ வரத் தேவையில்லை." வாயில் வைத்தும் பார்க்காமல் போய்விட்டார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். கதைப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். பிறகு, "பிள்ளையாருக்கும் ஒரு கரண்டி கொண்டந்திருக்கலாமே" என்றார்.

டிசம்பர் 25

மருமகள் முதல் கரண்டியில் இருமினாள். நப்கினால் வாய்க்கு விசிறினாள். கண்ணில் தண்ணீர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவள் கிண்ணத்தை இழுத்து இன்னும் மூன்று கரண்டி போட்டாள்.

"அம்மா, இது யார் செய்தது?" என்றார் லூக்கா.

"வீட்டில் செய்தது," என்றார் சிஞ்ஞோரா.

நான் கதவோரம் கோப்பைகளோடு நின்றேன். வீடு செய்ததாம்! சுவர் செய்ததா, கதவு செய்ததா?

"நான் செய்தது, சிஞ்ஞோரா. என் பெயர் தனுசியா."

அந்தப் பெண் மட்டும் என் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தரம் சரியாக வந்தது.

கழுவ வந்த கிண்ணத்தில் வழிக்கக்கூட மிச்சமில்லை. சிஞ்ஞோராவின் கோப்பையில் பாணால் துடைத்த சிவப்புத் தடம்.

டிசம்பர் 27

விரதம் முடிந்தது. சிஞ்ஞோரா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. கதைக்காட்டிப் போகட்டும். நான் மன்னிப்புக் கேக்க மாட்டன்.

2015 ஜனவரி 8, வியாழன்

லில்லியான் நேற்று விமானம் ஏறினாள். காலை எட்டுக்கு மணி அடித்தது. திறந்தால் ஏஜென்சி அனுப்பிய புதுப் பெண், பிரிசிலா.

"சமையலுக்கா?"

"இல்லை அக்கா, துப்புரவுக்கு. வாளி எங்கே இருக்கிறது?"

காட்டினேன். பால்கனிக் கதவு இறுகும், காலால் தள்ள வேண்டும் என்றும் சொன்னேன்.

பத்து மணிக்குச் சிஞ்ஞோரா குசினிக்குள் தலையை நீட்டினார். "மத்தியானத்துக்கு என்ன, தனுசியா?"

"கத்தரிக்காய்," என்றேன்.

என்ன போடப் போகிறாய் என்று கேட்கவில்லை.