டீசல் வண்டியின் சத்தம்

ஐப்பசி, செவ்வாய் இரவு

பரவை குடோனுக்குள் இன்று மூட்டை தூக்கும் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் வண்டி வந்துவிட்டது. நான் இதுவரை ஓட்டிய டீசல் வண்டிப் புகையில் லோடுமேன்களுக்கெல்லாம் இருமல், கண்ணெரிச்சல். எனக்கும்தான். புது வண்டியில் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

மத்தியானம் புது வண்டியில் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது லோடுமேன் காசிம் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, யாருட்ட பேசுறீக?"

"போன்ல மாப்ள."

என் போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விட்டான்.

என் மனைவி செல்வி கண்ணை மூடியதிலிருந்து அந்த டீசல் சத்தத்துக்குள் தினமும் அவளோடு பேசிக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறேன். குழம்பில் உப்பு கூடிப்போனது, மகள் போன் பண்ணாதது, எல்லாம். யாருக்கும் கேட்டதில்லை.

சாயங்காலம் மேனேஜரிடம் போனேன். "வெளி யார்டுல டீசல் வண்டியையே ஓட்டுறேன் சார். மழையில, மேட்டுல அம்புட்டு லோடையும் அதுதான் இழுக்கும்."

"புகையத் திங்க அம்புட்டு ஆசையா?" என்று சிரித்தார். சரி என்றும் சொல்லிவிட்டார்.

மேட்டில் அதுதான் இழுக்கும். அது பொய்யில்லை.

வீட்டுக்கு வந்ததும் இதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே கேட்டது. நிறுத்திவிட்டேன்.