மூன்று கட்டங்களை அழிக்க விடுத்த ஓலை

செவ்வாறு கடலொடு கலக்கும் மாகரை நாட்டை அறம் வழுவாது ஆளும் திருவளர் அகளங்கத் தேவர் திருவுள்ளப்படி, முத்தூற்று மாநகர் மந்திர மண்டபத்திலிருந்து மந்திரி நல்லுடையார் விடுக்கும் ஓலை. வடகரை ஏழூர்க்கும் தலைவராய், உப்பும் மீனும் குறையாத துறைகளுக்குக் காவலராய் விளங்கும் வீரசேகர மழவராயர் கண்டுகொள்க. தங்கள் குடி தழைக்க. தங்கள் துறைவிட்டுப் போன தோணிகளெல்லாம் திரும்பி வருக. தங்கள் வீட்டில் உள்ளவர் அனைவரும் இவ்வோலை சேரும் நாளில் நலமுடன் இருக்க. இக்கடைசி வாழ்த்து வழக்கத்துக்காக எழுதப்பட்டதன்று. ஏன் என்பது போகப்போக விளங்கும்.

சென்ற தைத் திங்களில் தாங்கள் புகழ்ந்து எழுதி, மாதிரி கேட்டு வாங்கி, தங்கள் ஏழூரிலும் எளியவர் வாசல்களில் வரையச் செய்த மூன்று கட்டங்களைப் பற்றியது இவ்வோலை. அக்கட்டங்களை வகுத்தவர் இதை எழுதும் மந்திரியாரே. வகுத்த காலத்தில் அவர் தம்மைத் தாமே மெச்சிக்கொண்டதற்கு அளவில்லை. ஆகையால் அதனால் விளைந்ததையும் அவர் கையே எழுத வேண்டும் என்பது தேவரின் கட்டளை.

உப்பளச் சேரியில் பிணத்தைப் புதைக்க வழியில்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஒரு சாண் தோண்டினால் உவர்நீர் ஊறும். சுட்டெரிக்கவோ அங்கே மரமில்லை. விறகு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வர வேண்டும். முன்னாளில் ஏழைகள் தங்கள் இறந்தோரைப் பாயில் சுருட்டி, நீர் வற்றும் வேளையில் கடலோடு விட்டனர். மறுநாள் நீர் ஏறும் வேளையில் கடல் அவர்களைத் திருப்பித் தந்தது. அந்தக் கொடுமையைக் கண்டு மனம் பொறாத தேவரின் தந்தையார் ஈமக்கொடையை ஏற்படுத்தினார். வறியவர் வீட்டில் சாவு விழுந்தால் கோடித்துணி ஒன்று, ஒரு வண்டி விறகு, மண்குடம், தூக்க நான்கு ஆள், மூன்று நாள் அரிசி ஆகியவை அரண்மனையிலிருந்து போகும். ஓராண்டில் ஒரு வீட்டுக்கு மூன்று முறை வரை கொடுக்கலாம் என்பது விதி.

ஆனால் இரண்டாம் முறை வருபவரை, இப்போதுதானே வாங்கினாய் என்று கொடையை வழங்கும் ஈமச்சாலைப் பணியாளர் விரட்டினர். இதைத் தடுக்கவே மந்திரியார் யோசனை செய்தார். கொடை பெற்ற வீட்டு வாசலுக்கு மேலே காவிக்கல்லால் மூன்று கட்டம் வரைவது. ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் ஒரு கட்டத்தைக் கரியால் நிரப்புவது. வெறுங்கட்டம் இருக்கும்வரை அவ்வீட்டாருக்கு உரிமை உண்டு, எவனும் மறுக்கக்கூடாது. படிக்கத் தெரியாதவருக்கும் இது விளங்கும் என்று மந்திரியார் சபையில் சொல்லிப் பாராட்டும் பெற்றார். விளங்கியது உண்மைதான். என்ன விளங்கியது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

உப்பளச் சேரியில் கொற்றி என்றொரு பெண், உப்பு வாருபவள். கணவன் காரி, மாமியார், ஒன்பது வயது மகள் வஞ்சி என நால்வர் வாழ்ந்த வீடு. மாசியில் மாமியார் இறந்தாள். கொடை குறைவின்றிப் போயிற்று. ஈமச்சாலைக் கண்காணி குன்றன் வந்து கட்டங்களை வரைந்து முதல் கட்டத்தைக் கறுப்பாக்கினான். குன்றன் கெட்டவன் அல்லன். சொன்னதைச் செய்வதில் ஒரு நூல் பிசகாதவன். கொற்றி அவன் போகும்வரை காத்திருந்து அண்ணாந்து பார்த்தாள். கறுத்தது ஒன்று, வெறுமையாய் இரண்டு. வீட்டில் அரசர் மூன்று பேருக்கு இடம் போட்டிருக்கிறார், ஒருவர் போயாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. அன்று அவள் சோறு உண்ணவில்லை.

எதிர்வீட்டில் அதே மாதம் தோணி கவிழ்ந்து அண்ணன் தம்பி இருவரும் மாண்டு கரையொதுங்கினர். அவர்கள் தாய்க்கு முன்பே ஒரு கட்டம் கறுத்திருந்தது. மூன்று கட்டமும் கறுத்தன, வீடு காலியாயிற்று. அதற்குமேல் சேரியில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சிலர் கட்டங்களைச் சாணமிட்டு மெழுகிப் பார்த்தனர். குன்றன் வாரந்தோறும் சுற்றி வந்து, மங்கிய கட்டங்களை எல்லாம் சிரத்தையாகப் புதுப்பித்துவிட்டுப் போனான். அழிக்க அழிக்க மீண்டும் வருகிறது என்று சேரியார் தங்களுக்குள் பேசிக்கொண்டனர்.

வைகாசியில் காரி பாத்தி வரப்பில் பாம்பு தீண்டி, பொழுது சாயுமுன் இறந்தான். அழக்கூட நேரமின்றிக் கொற்றிக்குக் கணக்கு ஓடியது. விறகு வாங்கினால் இரண்டாம் கட்டம் கறுக்கும். வாங்காவிட்டால் அவனைக் கடலில் விட வேண்டும், கடல் திருப்பித் தரும். அவள் குன்றன் காலைப் பிடித்தாள். அவள் சொன்னதாகக் குன்றனே மண்டபத்தில் பின்னர்ச் சொன்னது இது: "ஐயா, வெறகை எறக்குங்க, கட்டத்தை மட்டும் விட்டுடுங்க. உங்க புள்ளைங்க நல்லா இருப்பாங்க." அதற்கு அவன் கூறிய மறுமொழி: "கட்டம் நெறையாம வெறகு எறங்காது தாயி. மந்திரி போட்ட சட்டம்."

விறகு இறங்கியது. இனி வெறுமையாய் ஒரு கட்டம், உயிரோடு இரண்டு பேர்.

மழவராயரே, அதற்குப் பின் அந்த ஒரு மாதம் அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதை அவள் சொல்லக் கேட்டபடியே மந்திரியார் எழுதுகிறார். மகள் தும்மினால் மேலே பார்த்தாள். மகள் உறங்கினால் மூக்கருகே கை வைத்தாள். வாசல் வழியாக அவளைப் போகவிடாமல், பின்சுவரில் ஓர் ஆள் தவழும் அளவுக்கு ஓட்டை இடித்து அதன் வழியே கூட்டிப் போனாள். கட்டம் தன்னைப் பார்க்கட்டும், பிள்ளையைப் பார்க்க வேண்டாம் என்று தான் மட்டும் வாசல் வழியே போய் வந்தாள்.

ஆனி பிறந்த மூன்றாம் நாள் காலை வஞ்சியின் உடம்பு கொதித்தது. கொற்றி அவளைப் படுக்க வைத்து, எட்டும் தூரத்தில் கஞ்சிக் கலயம் வைத்து, ஒரு நாழிகையில் வருவதாகச் சொல்லி உச்சிப்பொழுதில் ஈமச்சாலைக்கு நடந்தாள். தன் வீட்டில் ஒரு சாவு, கோடியும் விறகும் வேண்டும், உடனே வந்து மூன்றாம் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்றாள். குன்றன் உடன் சென்று பார்த்தான். அங்கே பிணம் இல்லை. காய்ச்சலில் முனகும் பிள்ளைதான் இருந்தது. பொய் சொல்லி ஈமக்கொடை கேட்பவருக்கு ஓராண்டுச் சிறை. அவன் அவள் கையைக் கட்டித் தோணியில் ஏற்றித் தலைநகருக்குக் கொணர்ந்தான். கட்டியதற்கு அவள் முரண்டவில்லை. கட்டம் நிரப்பியாயிற்றா என்று மட்டும் வழிநெடுகக் கேட்டாளாம்.

மறுநாள் காலை மண்டபத்தில் விசாரணை. மந்திரியார் இறந்தவர் பெயரை வினவினார். "கொற்றிங்க" என்றாள். உன் பெயர் யாது என்றார். "அதுவும் கொற்றிதானுங்க" என்றாள். சபையில் சிரிப்பு எழுந்தது. மந்திரியாரும் சிரித்தார், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. இறந்தது எப்போது என்று அவர் வேடிக்கையாகவே கேட்டார்.

"நாளைக்குங்க. தண்ணி வத்துற நேரத்துல" என்றாள் கொற்றி. "நேத்தே போயிருப்பேன். கடலுக்குள்ள போயிட்டா ஒடம்பு எந்தக் கரையில எப்ப ஒதுங்குமோ, ஒடம்பு இல்லைன்னா நீங்க வெறகு தரமாட்டீங்க, கட்டம் வெறுமையா நின்னுடும். அப்புறம் அது எம் புள்ளையத்தானே தேடும்? அதனாலதான் முன்னாடியே கேட்டேன். மூணாவதுல என்னைப் போட்டுடுங்க சாமி. உங்க கோடியை ஏமாத்த மாட்டேன், சொன்னபடி போயிடுவேன்."

சிரிப்பு அடங்கியது. மந்திரியார் தாம் வகுத்த கட்டங்களை அன்றுதான் முதன்முறையாக அவள் கண்ணால் கண்டார். கட்டை அவிழ்க்கச் சொல்லி, அப்போதே தோணி கொண்டுவரச் சொல்லி, குன்றனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தோணியில் அவர் கட்டங்களின் பொருளை நிதானமாக எடுத்துரைத்தார். கொற்றி அனைத்தையும் கேட்டுக்கொண்டு, பிள்ளை இந்நேரம் கஞ்சி குடித்திருக்குமா என்று கேட்டாள். மந்திரியார் துடுப்பை விரைந்து போடச் சொன்னார்.

பிற்பகலில் சேரியை அடைந்தபோது, கொற்றியின் வீடு தவிரக் கட்டம் வரைந்த வீட்டு வாசல் ஒன்றிலும் காலடிச் சுவடு இல்லை. படியில் புல் முளைத்திருந்தது. ஒவ்வொரு வீட்டுப் பின்சுவரிலும் ஓர் ஓட்டை. அதன் வழியே பெரியவர்களும் கிழவர்களும் தவழ்ந்து வெளிவந்தனர். நாற்பது வீடுகள். அரசர் கொடுத்த உதவிக்கு அஞ்சி ஒரு சேரியே தன் வாசலை விட்டுவிட்டது.

கொற்றியின் வீட்டில் பாய் காலியாய்க் கிடந்தது. அவள் மேலே பார்க்க அஞ்சி, மந்திரியாரைப் பார்க்கச் சொன்னாள். மூன்றாம் கட்டம் வெறுமையாய் இருக்கிறது என்று அவர் இருமுறை சொன்னார். பின்னர் அடுத்த வீட்டுப் பெரியநாச்சி கூவி அழைத்தாள். காய்ச்சல் பிள்ளையை அக்கட்டத்தின் கீழ்க் கிடத்த மனமின்றி, அவள் கரையில் கவிழ்த்த தோணியின் நிழலுக்குத் தூக்கிப் போயிருந்தாள். வஞ்சிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கஞ்சி குடித்துவிட்டு, தொட்டுக்கொள்ளக் கருவாடு கேட்டுக்கொண்டிருந்தாள். கொற்றி அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளே தவிர, முகம் தெளியவில்லை.

மந்திரியார் தம் மேலாடையை நீரில் நனைத்துக் கட்டங்களைத் துடைக்கக் கை உயர்த்தினார். கொற்றி அலறி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழிச்சா அது எங்க போகும் சாமி? இப்பவாவது எங்க இருக்குன்னு தெரியுது. அழிச்சுட்டா எங்கேர்ந்து வரும்னு நான் பாத்துக்கிட்டே கெடக்கணும்."

என் வீட்டுக்குப் போகும் என்றார் மந்திரியார். துடைத்தார். காவியும் கரியும் ஏறிய அந்த ஈர ஆடையைக் கொற்றியே சுருட்டி அவர் தோளில் போட்டு, கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்று மகளோடு தோணியில் ஏறினாள். அவள் பார்த்திருக்க, மந்திரி மாளிகையின் தலைவாசல் மேல் குன்றன் மூன்று கட்டம் வரைந்தான். ஒரு நூல் பிசகவில்லை.

மந்திரியார் வீட்டில் அவர், அவர் மனைவியார், ஒரே மகன் என மூவர். அன்றிரவு மனைவியார் விளக்கோடு வாசலில் நின்று மேலே பார்த்து, மூன்று என்னும் எண்ணிக்கையை முதலில் நினைத்தவர் யார் என்று கேட்டார். தாமே வகுத்த கட்டம், அதன் பொருளை அவரைவிட அறிந்தவர் இல்லை. தெரிந்தும் மறுநாள் காலை தலைவாசலில் கால் போகாமல், மாட்டுத் தொழுவத்து வழியே மண்டபத்துக்கு வந்தார். இன்றுவரை அவ்வழியேதான் வருகிறார்.

ஆகவே தேவர் கட்டளை இதுவாகும். இவ்வோலை கண்ட அன்று பொழுது சாயுமுன் ஏழூரிலும் உள்ள கட்டங்கள் அனைத்தும் நீங்க வேண்டும். ஏவலரை அனுப்பற்க, அழித்தால் எங்கே போகும் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள், அதற்கு விடை சொல்லத் தகுந்தவர் தாங்கள் ஒருவரே. முதலில் தங்கள் மாளிகைத் தலைவாசலில் மூன்று கட்டம் வரையச் செய்து, அதன் கீழ் நின்று, வீட்டில் உள்ளவரை ஒருமுறை எண்ணிப் பார்த்து, பிறகு ஈரத்துணியோடு தங்கள் ஊர்ச் சேரிகளுக்குச் செல்க. இனி எளியவர் வாசல் எதிலும் எவ்வடையாளமும் வேண்டா. சாவென்று வந்து நிற்பவருக்குக் கோடியும் விறகும் உடனே கொடுக்க. மூன்று முறை என்னும் விதி இன்றோடு நீங்கிற்று. மறுபடியுமா என்று கேட்கும் பணியாளன் அன்றே வேலை இழப்பான். அங்கும் பின்சுவர்கள் இடிந்திருந்தால் அவற்றை அரண்மனைச் செலவில் அடைத்துத் தருக. ஆனால் அவர்கள் வாசல் வழியே நடக்கத் தொடங்கிய பின்பே அடைக்க. கொற்றிக்குத் தண்டம் இல்லை. உப்புத்தோணி தலைநகர் வரும் நாளெல்லாம் அவள் மகளைக் கைப்பிடித்து மந்திரியார் வாசலுக்கு வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறாள். அவளைக் காவலர் தடுப்பதில்லை.

தேவர் திருவாய் மலர்ந்தருளியபடி எழுதி, அரக்கிட்டு, அரச இலச்சினை பதித்தோம். ஆனித் திங்கள் இருபதாம் நாள். இவ்வோலை புறப்படும் இக்காலை வரை எம் வாசலில் மூன்று கட்டமும் வெறுமையாகவே உள்ளன.