எழுந்திருக்காத செண்பகம்

ஜனவரி 5, ஞாயிறு

வாசகர் வட்டத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை நான் செய்தது கைதட்டியதும் டீ ஊற்றியதும்தான். ராஜவேலு சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் ஞாயிறுதோறும் பன்னிரண்டு பேர் கூடி, அவரவருக்குப் பிடித்த புத்தகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவோம். அதாவது, அவர்கள் ஆடுவார்கள். நான் பார்ப்பேன்.

இன்று சார் பிடித்துக்கொண்டார். "துர்காம்மா, அடுத்த வாரம் நீங்க பேசறீங்க. பத்து நிமிஷம். பயப்படாதீங்கம்மா, நாங்க எல்லாருமே பயந்துக்கினுதான் பேசறோம்."

திரும்பும்போது எஸ்தரின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து அவளிடமே யோசனை கேட்டேன். கிளினிக்கில் நர்ஸ். இருபது வருஷத்துத் தோழி. ஆனால் எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பவள். "யாரு சாவறாங்கன்னு தெரிஞ்சிக்கினா அப்புறம் நிம்மதியா படிக்கலாம்பா" என்பாள். இவளிடம் போய்க் கேட்டேன் பார்.

ஜனவரி 8, புதன்

'மூன்றாம் நம்பர் வீட்டுச் சாவி' முடித்துவிட்டேன்! போன மாதம் சென்னையில் பழைய புத்தகக் கடையில் எடுத்த நாவல். சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன், கீழே வைக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுவது என் வேலை. இன்று திரையில் பாதி மயில் நின்றது நின்றபடி இருக்கிறது. முதலாளி பார்க்கவில்லை.

செண்பகத்தின் புருஷன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். ஏழு வருஷம். அவள் தனியாக மெஸ் நடத்தி மகளை வளர்க்கிறாள். அவன் திரும்பி வந்திருக்கிறான் என்று ஒரு சாயங்காலம் தெருவில் பேச்சு. 208-ஆம் பக்கம், கடைசி வரி: 'கதவு தட்டும் சத்தம் கேட்டது. செண்பகம் எழுந்திருக்கவில்லை.'

அவ்வளவுதான். முற்றும் என்றுகூடப் போடவில்லை. என்ன துணிச்சல்!

வீட்டில் இவர் தறியில் இருந்தார். முழுக் கதையையும் சொன்னேன்.

"அப்பால?" என்றார்.

"அப்பால ஒண்ணுமில்லைங்க. அதான் முடிவு."

"இன்னா துர்கா இது, முந்தானை நெய்யாம புடவைய அறுத்த மாதிரி இருக்குது."

இவருக்குப் பட்டு தெரியும். இலக்கியம் தெரியாது.

ஜனவரி 12, ஞாயிறு

பேசிவிட்டேன். பத்து நிமிஷம் இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. சார் மணி அடிக்கவே மறந்துவிட்டார்!

"காலிங் பெல் அடிச்சா எந்திரிக்கறோம், குக்கர் கத்துனா எந்திரிக்கறோம், மாமியார் இருமுனா எந்திரிக்கறோம். இந்த ஒருத்தி எந்திரிக்கல" என்றேன். எனக்குள் இருந்து யார் பேசியது என்று தெரியவில்லை. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வரும் ரமாமணி டீச்சர், நாற்பது வருஷம் கணக்கு நடத்தியவர், எதற்கும் அசையாதவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எஸ்தருக்கு மட்டும் டியூட்டி. வரவில்லை.

பிப்ரவரியில் புத்தகக் கண்காட்சி மேடையில் எங்கள் வட்டத்துக்கு அரை மணி நேரம் கிடைத்திருக்கிறதாம். அதில் பேசப் போவது நான்தானாம். சார் அறிவித்துவிட்டார்.

ஜனவரி 15, புதன்

என் பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டு எஸ்தர் அதே நாவலைத் தன் தங்கையிடம் இரவல் வாங்கியிருக்கிறாளாம். ஒரு ஆளைப் படிக்க வைத்துவிட்டேன்!

ஜனவரி 19, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. கோபமா, வெட்கமா?

கூட்டத்தில் எஸ்தர் எழுந்து, "புக்கு சூப்பர்பா. அதுவும் கடைசில அவனுக்குத் தோசை ஊத்திக் குடுக்கறா பாரு, அவன் துண்ணுட்டு தன் தட்ட தானே கழுவி வெக்கறான் பாரு, நான் அழுதுட்டேன்" என்றாள்.

தோசையா? எந்தத் தோசை? செண்பகம் எழுந்திருக்கவே இல்லை, எங்கிருந்து மாவு கரைத்தாள்?

"அப்படி ஒரு எடமே இல்ல" என்றேன்.

"இருக்குதுடி. கடைசிப் பக்கம்."

"நீ வேற எதோ புக்கோட கடைசிப் பக்கத்தப் படிச்சிட்டு வந்துக்கினு பேசற."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரிப்பு கொடுத்த தைரியத்தில், "ஊசி போடற கை புஸ்தகத்தப் புரட்டுனா இப்படித்தான்" என்றேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எஸ்தர் பையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் ஷேர் ஆட்டோவில் வந்தேன்.

ஆனாலும் சொன்னது சரிதானே? புத்தகத்தைப் படிக்காமல் பேசலாமா?

ஜனவரி 21, செவ்வாய்

எஸ்தர் போனை எடுக்கவில்லை. நான் இரண்டு தடவைதான் அடித்தேன். சரி, ஆறு.

ஜனவரி 23, வியாழன்

கண்காட்சி அழைப்பிதழ் வந்துவிட்டது. வழவழப்பான காகிதம். 'எழுந்திருக்காத செண்பகம் - சிறப்புரை: திருமதி துர்காதேவி சிவபாலன்.' இவர் அதைத் தறிக்கு எதிரே சுவரில் ஒட்டிவிட்டார். வருகிற பாவு நூல் வியாபாரி, பால்காரர் எல்லோரிடமும் காட்டுகிறார்.

ஜனவரி 25, சனி

ரமாமணி டீச்சர் புதுப் பிரதி வாங்கியிருக்கிறார் என்று கேள்வி. அவர் சாட்சி சொன்னால் எஸ்தர் வாயடைத்துப் போவாள் என்று வீட்டுக்கே போனேன். காபி கொடுத்தார். பிறகு, "ஏண்டி துர்கா, உன் புஸ்தகத்துல எத்தனை பக்கம்?" என்றார்.

"இருநூத்தி எட்டு, டீச்சர்."

"இதுல இருநூத்தி இருபத்து நாலு." புத்தகத்தை விரித்து என் மடியில் வைத்தார்.

209-ஆம் பக்கம். முதல் வரி: 'இரண்டாவது தட்டலுக்கு எழுந்தாள்.'

காபி ஆறிப்போனது. கதவைத் திறக்கிறாள். அவனை உட்காரச் சொல்கிறாள். தோசை ஊற்றுகிறாள். ஒன்று இல்லை, நான்கு. அவன் தட்டை அவனே கழுவுகிறான். 224-ஆம் பக்கத்தின் அடியில் கொட்டை எழுத்தில் 'முற்றும்'.

"பைண்டிங்ல கடைசிப் பதினாறு பக்கத்தை விட்டுட்டா. உன் தப்பில்லை" என்றார் டீச்சர். "நான் யாரண்டையும் சொல்லப் போறதில்லை. சொல்ல வேண்டியது நீ."

இவரிடம் சொன்னேன். தறியை நிறுத்தினார். "நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல, முந்தானை இல்லன்னு!" இவ்வளவு சந்தோஷமாக இவரைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

ஜனவரி 26, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சாருக்குச் செய்தி அனுப்பினேன். ஓமம் சாப்பிடச் சொல்லிப் பதில் வந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

போனை எடுக்காதவளை வேறு எப்படிப் பார்ப்பது? கிளினிக்கில் டோக்கன் போட்டேன். பதினேழாம் நம்பர். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் அவருடைய மூட்டு வலியைச் சொல்லிவிட்டு, எனக்கு என்ன என்று கேட்டார். "வாய்ல பிரச்சினை" என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

"இன்னா கஷ்டம்?"

"என் புக்குல பதினாறு பக்கம் இல்ல எஸ்தர்."

அவள் பம்பை அழுத்திக்கொண்டே இருந்தாள். கை வெடித்துவிடும் போலிருந்தது.

"பக்கம் இல்லாதது உன் தப்பு இல்ல," என்றாள். "ஊசி போடற கைன்னு சொன்னியே, அது எந்தப் பக்கத்துல இருந்துச்சு?"

மன்னிப்புக் கேட்டேன். "நூத்தி அம்பதுக்குத் தொண்ணூறு. உப்பக் கொற" என்று சொல்லிவிட்டுப் பதினெட்டாம் நம்பரைக் கூப்பிட்டாள்.

வீடு வரை நடந்தே வந்தேன். தப்பாகப் படித்ததுகூடப் பரவாயில்லை. அவள் படிக்கவே லாயக்கில்லை என்பது போல் பேசிவிட்டேனே. அதுவும் பன்னிரண்டு பேர் எதிரில். கேட்ட மன்னிப்பு மட்டும் ஒரு மருந்து அறையில் ரகசியமாக. அது எப்படிச் சரியாகும்?

பிப்ரவரி 3, திங்கள்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் அழைப்பிதழையே பார்த்தார். "ஐந்நூறு அடிச்சிட்டோமேம்மா" என்றார். தலைப்பை மாற்ற முடியாதாம். வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டார்.

நானே பேசுகிறேன் என்றேன். ஏன் சொன்னேன்?

பிப்ரவரி 8, சனி

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம்.

இருநூறு பேர் இருப்பார்கள். இவர் வெள்ளைச் சட்டை போட்டு முதல் வரிசை. எஸ்தர் வரவில்லை என்றுதான் நினைத்தேன். மைக்கைப் பிடித்ததும் சொல்லிவிட்டேன்: "தலைப்பு தப்பு. செண்பகம் எந்திரிச்சிட்டா. என் புக்குல அந்தப் பக்கம் இல்ல." கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டு, பிறகு எஸ்தரைச் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொன்னேன். சிரிப்பு நின்றது. "முழுப் புஸ்தகத்தையும் படிச்சது அவதான். நான் பாதி படிச்சிட்டுத் திமிரா பேசுனேன். எல்லார் முன்னாடியும் சொன்னதால எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

இறங்கியிருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. "இருந்தாலும் எனக்குப் புடிச்சது எந்திரிக்காத செண்பகம்தான். அந்தத் தோசை எனக்குப் புடிக்கல" என்றேன்.

"ஏன் புடிக்கல?"

பின்வரிசையிலிருந்து. யூனிஃபார்மோடு. எஸ்தர்!

கேள்வி கேட்பவர்களுக்கான மைக்கை யாரோ அவளிடம் கொடுத்தார்கள். "ஊருக்கே சோறு போட்டவ இவனுக்கு நாலு தோசை போட்டா தோத்துட்டாளா? நான் இங்கியே இருக்கட்டுமான்னு அவன் கேட்டானே, அவ பதிலே சொல்லலயே, அதப் படிச்சியா?"

"படிச்சேன்! பதில் சொல்லலன்னா இருன்னுதான் அர்த்தம்!"

"யாரு சொன்னது? தட்ட கழுவிட்டுப் போன்னு அர்த்தம்!"

நாற்பது நிமிஷம். அடுத்து இருந்த பட்டிமன்றக்காரர்கள் மேடைக்குக் கீழே நின்றுகொண்டே எஸ்தர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். சார் மணி அடித்தார், அடித்தார், கடைசியில் அவரும் மைக் கேட்டார். ஸ்டாலில் அந்த நாவல் ஒரு பிரதி பாக்கி இல்லையாம். வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் கடைசிப் பக்கத்து நம்பரைப் பார்த்தார்களாம்.

கீழே இறங்கியதும் எஸ்தர் என் கையைப் பிடித்தாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. நாடி பார்த்தாள். "இன்னும் அதிகமாத்தான் இருக்குது. உப்பு துண்ற" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். எஸ்தர் வண்டியில்தான் போனேன். இந்த மாதத்து நாவலில் தம்பி செய்தது சரி என்கிறாள். எப்படிச் சரி? நான் விடவில்லை, அவளும் விடவில்லை. இன்ஸ்டிட்யூட்டைத் தாண்டிப் போனது இருவருக்குமே தெரியவில்லை. பாலாற்றுக் காற்று முகத்தில் அடித்தபோதுதான் ஊருக்கு வெளியே ஓரிக்கை வரை வந்துவிட்டோம் என்று வண்டியைத் திருப்பினோம்.