புது மறதி இருந்தால் எழுதவும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன், இருமல் மட்டும் விடவில்லை.

நேற்று நூலக அரங்கில் ‘மூளை ஏன் மறக்கிறது?’ என்ற தலைப்பில் பேசினேன். அப்பா மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடியதைச் சொன்னதும் அரங்கமே குலுங்கியது. போன தடவை நான் வந்தபோது கதவைத் திறந்து, “சார், பையன் வெளியூர்ல இருக்கான், அப்புறம் வாங்க” என்று என்னையே திருப்பி அனுப்பப் பார்த்தாரே, அதற்கு முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

பிறகு என் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வந்த ஒரு நர்ஸ், “அப்பாவை யாருங்க பார்த்துக்கறாங்க?” என்று கேட்டாள். “அவர்தாங்க என்னைப் பார்த்துக்கறாரு. அவர் மறக்க மறக்க எனக்குப் பேச்சு வளருது” என்றேன். புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். சிரிக்கத் தெரியாத ஜென்மம்.

ஒரு சின்ன உதவி. ஃபிரிட்ஜ் கதை பழசாகிவிட்டது. அப்பா புதிதாக எதை மறந்தாலும் அவர் சொன்ன வார்த்தை மாறாமல் எழுதி அனுப்பு. உன்னையே யாரென்று கேட்டால் அதையும் எழுது. அழுதுகொண்டே எழுதினால் உன் கையெழுத்து புரிவதில்லை, அழுது முடித்துவிட்டு எழுது. கூடவே உன் பழைய சால்வை ஒன்றையும் அனுப்பு, இந்த அறை குளிர்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு அழைத்துப்போக வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா என் குரலை அடையாளம் கண்டு, “சாப்டியாடா?” என்று கேட்டாரே, அந்த மாதிரி எதையும் எழுதாதே. அதற்கு இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

உன் மகன்