கட்டிலை எடுக்க ஆள் வருகிறது

தீனோஸ் தீவு
3 அக்டோபர் 1994

அன்புள்ள யாக்கோவோஸ்,

எனக்குக் காது போய்விட்டது என்று உன் அத்தை நிக்கோலேத்தா ஊரெல்லாம் சொல்லி, அது ஜெர்மனி வரைக்கும் போயிருக்கிறது. தவறு. நேற்றுப் பூசையில் பாதிரியார் ஒரு வரியை விழுங்கினார். கோவிலில் அதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே, அம்மாவுக்குக் கேட்காது, அதனால் தொலைபேசியில் கூப்பிடுவதில்லை என்ற காரணம் செல்லாது. வேறு காரணம் இருந்தால் சொல்.

ஈஸ்டருக்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. கடிதம் வருகிறது, அதுவும் தட்டச்சில். போன கடிதத்தைச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. நீ எழுதப் பழகிய நாளிலிருந்து உன்னைத் திருத்துகிறவள் நான். பென்சிலுக்கு வேலை இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதில், பிழை தேடி இன்னும் இரண்டு தடவை படித்தேன்.

கடைக்குப் போனால் நிக்கோலேத்தா பிடித்துக்கொள்கிறாள். "என்ன பிலோமேனா, மொகத்த இப்பிடித் தொங்கப் போட்டிருக்க? மகாராணிக்கு மகன் கடுதாசி போடலையா?"

"போட்டிருக்கான். அச்சடிச்ச மாதிரி."

"அப்புறம் என்ன கொறை ஒனக்கு? எம் புள்ள கல்யாணம் பண்ணினதையே நான் மீன்காரன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

இங்கே வடகாற்று தொடங்கிவிட்டது. இறைச்சியை ஒயினில் ஊறப் போட்டிருக்கிறேன். நீ இல்லாமல் யார் தின்னப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

இன்னொன்று. உன் அறைக் கட்டிலை நிக்கோலேத்தா கேட்கிறாள். அதை எடுக்க மாதக் கடைசியில் ஆள் வருகிறது. கொடுத்துவிடலாமா? உடனே சொல்.

அம்மா
பிலோமேனா

•

பிரேமன்
17 அக்டோபர் 1994

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். பட்டறையில் வேலை மிக அதிகம், அதனால்தான் பேச முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கட்டிலைத் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். அத்தைக்குப் பயன்படட்டும். தூக்கும்போது நீங்கள் கை வைக்க வேண்டாம். உங்கள் இடுப்பு வலி அதிகமாகிவிடும். குளிருக்கு முன்பே விறகு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையின் சேவல் இன்னும் தபால்காரரைத் துரத்துகிறதா?

அன்பு மகன்
யாக்கோவோஸ்

•

தீனோஸ் தீவு
2 நவம்பர் 1994

அன்புள்ள ஹைக்கே,

இந்தக் கடிதத்தை என் மகன் பெயருக்கு அல்ல, அவன் மனைவியான உன் பெயருக்கே அனுப்புகிறேன். முந்தையவற்றை எழுதியது நீதான் என்று தெரிந்துவிட்டது. மாலை வகுப்பில் எங்கள் மொழியை நன்றாகத்தான் கற்றிருக்கிறாய். ஆனால் என்னை 'நீங்கள்' என்கிறாய். அவன் கோபத்தில் மட்டுமே அப்படிச் சொல்வான்.

எங்கள் வீட்டில் தூக்கிக் கொடுக்கக்கூடிய கட்டில் கிடையாது. யாக்கோவோஸ் படுத்து வளர்ந்தது கல் மேடை. அவன் தாத்தா சுவரோடு சேர்த்துக் கட்டியது. அதை எடுக்க வேண்டுமானால் வீட்டை இடிக்க வேண்டும்.

பழைய காவியத்தில் வரும் அந்த ராணியை உங்கள் ஊர்ப் பள்ளியிலும் சொல்லிக்கொடுப்பார்கள். போருக்குப் போன கணவன் இருபது வருடம் கழித்து வந்து நிற்கிறான். இவன் அவன்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலை வெளியே எடுத்துப் போடச் சொல்கிறாள். வேர்விட்டு நின்ற ஒலிவ மரத்தில் தன் கையால் செய்த கட்டிலை யார் பெயர்த்தது என்று அவன் துடித்துப்போகிறான். அந்தத் துடிப்பில்தான் அவனை அடையாளம் காண்கிறாள். மடத்துப் பள்ளி நாடகத்தில் நான்தான் ராணி. தெய்வங்கள் அதிகம் என்று கன்னியாஸ்திரிகள் பாதியை வெட்டிவிட்டார்கள், கட்டிலை விட்டுவைத்தார்கள்.

அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. பையன் பொய் சொல்வதாகத் தோன்றினால் என் கணவர், "என்னடா, கட்டிலத் தூக்கி வெளிய போடட்டுமா?" என்பார். "அது கல்லுப்பா!" என்று இவன் கத்துவான். பிறகு சிரிப்பு. பிறகு உண்மை. அவனுக்குத் தலை நரைத்த பிறகும் நான் கேட்டால் அதே பதில்தான் வரும்.

ஆகவே என் கடிதத்தை அவன் படிக்கவில்லை. அல்லது படித்தும் பதில் சொல்ல முடியவில்லை. சேவலைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அது அவன் பேச்சு. இப்போது உன் பக்கத்தில் இருந்து சொன்னானா, எப்போதோ சொன்னது உன் நினைவில் இருந்ததா? அடுப்படியிலும் செபத்திலும் இதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிக்கோலேத்தாவிடம் சொன்னேன். "ராணி வேஷம் போட்டாப் போதுமா? வந்து நிக்கிறவனச் சோதிக்கலாம். வராதவன எப்பிடிச் சோதிப்ப?" என்றாள். பிறகு அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் இடுப்பு வலியை நினைத்தவள் என்னைப் பயமுறுத்த நினைத்திருக்க மாட்டாய். ஆனால் மறைத்துக் காப்பாற்ற வேண்டிய ஆள் நான் அல்ல.

யாக்கோவோஸ் உயிரோடு இருக்கிறானா? அவனுக்கு என்ன ஆயிற்று?

பென்சில் பிடிக்க முடிந்தால், 'கல்' என்று ஒரே ஒரு சொல் அவனை எழுதச் சொல். இடது கையானாலும் சரி, கோணலானாலும் சரி. நான் திருத்த மாட்டேன். அவனால் முடியாதென்றால் நீ எழுது. தட்டச்சில் வேண்டாம். உன் கையெழுத்தில், உன் பெயர் போட்டு, உள்ளதை உள்ளபடி எழுதிப் பதில் அனுப்பு.

அம்மா
பிலோமேனா