அண்ணன் பேரில் ஒரு ஆடு

29 டிச., வெள்ளி

மூடாக்கு. தூறும்போல இருந்து தூறவில்லை. ஷட்டர் தூக்கும்போது கட்டைவிரல் நகம் மடங்கி உயிர் போய்விட்டது. பிறை பார்த்ததிலிருந்து நகம் வெட்டவில்லை, சவரம் இல்லை. குர்பானி கொடுக்கிறவன் ஆடு அறுக்கும்வரை வெட்டக் கூடாது. திங்கள்தான் பக்ரீத். இன்னும் மூன்று நாள். தாடி அரிப்பு தாங்கவில்லை. கீபோர்டில் நகம் டக் டக்.

செல்விக்குச் சிரிப்பு. "இன்னா சார், கோயி கெளர்ற மாரி கீது." கடையில் டிசைன் முழுக்க அவள்தான், ஏழு வருடமாக. குடிசையை இடித்துக் கண்ணகி நகருக்குத் தூக்கிப் போட்டபிறகும் ரெண்டு பஸ் மாறி ராயப்பேட்டைக்கு எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள். அந்தத் திமிரில் பேசுகிறாள். பேசட்டும்.

கையில் இருப்பது:
– புத்தாண்டு வாழ்த்து பேனர் 4 (வட்டச் செயலாளர் கும்பிடுகிறார், நாலிலும் ஒரே போட்டோ)
– பள்ளிவாசலுக்குப் பெருநாள் தொழுகை நேரம், 1
– பஷீரின் பக்ரீத் வாழ்த்து, பெரிய சைஸ், 1
– மயிலாப்பூர் மாமாவின் கச்சேரி நோட்டீஸ். மூன்றாவது புரூஃப். மிருதங்கக்காரர் பேர் சின்னதாகிவிட்டதாம்.

ஜும்ஆ தொழுகையில் பள்ளிவாசல் ஹஜ்ரத், குவைத்தைப் பிடித்த அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே செருப்பு தேடுகிற இடத்தில் அதே பேச்சு. இன்றோ நாளையோ தூக்காம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாடிப்படிக்குக் கீழே ஆடுகள் இரண்டு. ஒன்று என் பேரில். இன்னொன்று காதர் அண்ணன் பேரில்.

அண்ணன் குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவர். அந்த ஆளின் பட்டாளம் உள்ளே நுழைந்ததும் வீட்டுக்கார அரபி குடும்பத்தோடு தப்பி ஓடிவிட்டான். அண்ணனிடம் சாவியைக் கொடுத்து வீட்டைப் பார்த்துக்கொள் என்றானாம். ஊர்க்காரர்கள் எல்லாரும் கிடைத்த வண்டியில் ஏறி வந்துவிட்டார்கள். இவர் சாவியோடு உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு ஆம்பூர்க்காரர் வீடு தேடி வந்து சொன்னார்: ராணுவ லாரியில் ஏற்றினதைப் பார்த்தேன், பஸ்ரா பக்கம் போனது. அவ்வளவுதான். பதினாறு வருடம். கடிதம் இல்லை, அடக்கம் செய்ய மையத்து இல்லை, ஜனாஸா தொழுகையும் இல்லை.

அம்மா வருடா வருடம் அவர் பேரில் ஓர் ஆடு கொடுக்கிறாள், உயிரோடிருக்கிற மகனுக்குக் கொடுக்கிறமாதிரி. அவருக்குப் பிறை தெரிந்ததோ இல்லையோ, அவருக்குப் பதிலாக இவள் நகம் வெட்டாமல் இருக்கிறாள். அதெல்லாம் அவசியமில்லை பெரியம்மா என்று ஹஜ்ரத் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "நீங்க ஓதுற வேலையப் பாருங்க ஹஜ்ரத்."

அந்த ஆள் பிடிபட்டதிலிருந்து அம்மா சீரியல் பார்ப்பதில்லை. நியூஸ்தான். கோர்ட்டைக் காட்டினால் கிட்டே போய் உட்காருவாள். "லாரில ஏத்தினவங்கள எங்கடா வெச்சேன்னு ஒருத்தனாச்சும் கேப்பான்ல. கேட்டா சொல்லித்தானே ஆவணும்." அது வேறு வழக்கு அம்மா என்பேன். காதில் வாங்கமாட்டாள்.

அண்ணன் போய்விட்டார். எனக்கு எப்போதோ தெரியும். பத்து தடவையாவது அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துச் சாப்பிடுகிறவன், எனக்கு என்ன புதிதா?

30 டிச., சனி

போட்டுவிட்டார்கள்.

ஒன்பது மணி இருக்கும். இட்லி தட்டில். டிவியில் எழுத்து ஓடியது. "ஒழிஞ்சான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். என் வீட்டுக்காரி நூர்ஜஹான் சட்டினிக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அப்புறம்தான் செய்தி வாசிக்கிற பெண் சொன்னாள், அங்கே இன்றைக்கே பக்ரீத் என்று. பெருநாள் விடிகாலை. கயிற்றைக் காட்டினார்கள். முகத்துக்குத் துணி வேண்டாம் என்றுவிட்டாராம். கறுப்புக் கோட்டு, நரைத்த தாடி. வெட்டாத தாடி என் முகத்திலும் இருக்கிறது. எச்சில் கையால் தடவிக்கொண்டேன் போல, சட்டினி ஒட்டியிருந்ததை நூர்ஜஹான் சொல்லித்தான் தெரியும். பதினாறு வருடமாகக் காத்திருந்த சந்தோஷம் ஓர் இட்லி தின்று முடிக்கும்வரை நிற்கவில்லை. அதற்கும் அந்த ஆள்மேல்தான் கோபம் வந்தது.

அம்மா ஒரே கேள்வி. "கேட்டாங்களா?"

"என்னத்தம்மா?"

"காதர."

இல்லை என்றேன். எழுந்து போய் அவளே டிவியை அணைத்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவை.

கீழே கடையில் வேலை ஓடவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் இதே. காதில் விழுந்தவை:

டீக்கடை: "கொலகாரன்தாம்பா, யாரு இல்லன்னா? அதுக்காவ நல்ல நாளு பெரிய நாளு பாத்தா போடுவானுங்க?"

ஆட்டோ ஸ்டாண்ட்: "ஆட்டுக்குப் பதிலா ஆளப் போட்டுக்கீறானுங்க."

மயிலாப்பூர் மாமா (நாலாவது புரூஃப்): "சத்ருவாவே இருக்கட்டுமே ஓய். தீபாவளியன்னிக்கு நம்மாத்து வாசல்ல பொணத்தக் கொண்டுவந்து போட்டா எப்படி இருக்கும்? திரும்பத் திரும்ப அதையே காட்டிண்டு இருக்கான். ஆத்துல டிவியவே அணைச்சுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, மிருதங்கக்காரர் பேர் இப்போது ரொம்பப் பெரிசாகிவிட்டது என்றார்.

மதியம் பஷீர். கோழிக்கடை வைத்திருக்கிறான், இந்தச் சந்துக்கு வந்து நாலு வருடம். கண் சிவந்திருந்தது. "பாய், வாய்த்து வேணாம். கண்ணீர் அஞ்சலியா மாத்திடு. அவரு போட்டோ பெருசா. நாளைக்கி கட்டணும்."

மாட்டேன் என்றேன்.

"இன்னா பாய், நீயே இப்டி சொல்ற? பெருநாள் அன்னிக்கி கய்த்துல போட்டுக்கீறானுங்க. நம்ம தெருவுல ஒரு பேனர் கூடவா கூடாது?"

"வேற கடை பாத்துக்கோ பஷீர்."

ஏன் என்று சொல்லவில்லை. அவனுக்கு அண்ணன் கதை தெரியாது. செல்வி மவுசைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியும். அம்மா ஆடுகளுக்கு அகத்திக்கீரை போட இறங்கி வந்தவள், படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"போட்டுக் குடுடா ரஹ்மத்து."

"அம்மா, தெரிஞ்சுதான் சொல்றியா?"

"பெருசாப் போடு. கண்ணு நல்லாத் தெரியணும்."

பஷீர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றாள். பைலைத் திறக்கச் செல்வியிடம் சொன்னேன்.

31 டிச., ஞாயிறு

வெயில். பெருநாளுக்கு முந்தின நாள் வைக்கிற அரஃபா நோன்பு. அம்மா, நான், நூர்ஜஹான் மூவருக்கும்.

பத்து மணிக்கு ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து பிரிண்ட் வந்தது. தரையில் விரித்ததும் செல்வி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பஷீரின் வாழ்த்து பைலிலேயே படத்தை மாற்றி, மேலே "கண்ணீர் அஞ்சலி" போட்டிருக்கிறாள். கீழே பிறையும் ரோஜாவும், "அனைவருக்கும் இனிய பக்ரீத் நல்வாழ்த்துகள்", எல்லாம் அப்படியே. எடுக்க மறந்துவிட்டாள். புரூஃப் பார்த்தவன் நான். கண்ணைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், கீழே பார்க்கவில்லை.

"என் மேலதான் சார் தப்பு. திரும்ப அட்ச்சிடலாமா?"

ஞாயிறு, நாளை புத்தாண்டு. எவன் மிஷின் ஓட்டுவான்? பஷீர் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். "இருக்கட்டும் பாய். நாள் அதானே? அன்னிக்கித்தானே போட்டானுங்க" என்றான்.

பள்ளிவாசல் வாசலில் கட்டப் போனார்கள். பள்ளி முன்னால் உருவப்படம் கூடாது என்று ஹஜ்ரத் விரட்டிவிட்டார். தூக்கிக்கொண்டு வந்து சந்து முனையில், சரியாக எங்கள் மாடிப்படிக்கு எதிரே கட்டினார்கள். ஊரில் வேறு கம்பமே இல்லை!

மதியம் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பினால் அம்மா பேனர் முன்னால். தலையில் முக்காடு, கையில் தஸ்பீஹ் மணி. நோன்பு வாயோடு வெயிலில் நிற்கிறாள். முகத்தை நிமிர்த்தி அந்த ஆளின் கண்ணையே பார்க்கிறாள். கூப்பிடப் பக்கத்தில் போனேன். சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனதால் கேட்டது.

"நீ செஞ்சதுக்கு அல்லா கேப்பான், அது உனக்கும் அவனுக்கும். உன் பெருநாளக் கெடுத்தாங்களே, அதுக்கும் கேப்பான். எனக்கு அதெல்லாம் வேணாம். எம்புள்ளய எங்க வெச்ச? அதச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? ஒரு வார்த்த. உங்கம்மா இருந்தா உன்னத் தேடியிருக்கமாட்டாளா?"

அப்புறம் கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருக்கிறமாதிரி நின்றாள். இவள் ஹஜ்ரத் சொல்வதைக் கேட்கமாட்டாள், நான் சொல்வதைக் கேட்கமாட்டாள். அவன் ஒருவன் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள் என்பது இத்தனை வருடத்தில் எனக்குப் புரியவில்லை. அவன் உயிரோடிருந்தவரை கேட்க ஓர் ஆள் இருந்தான்.

எதிர்ப்பக்கம் கடையிலிருந்து பஷீர்: "பாத்தியா பாய், பெரியம்மா எப்டி அயுவுறாங்கோ. அவரு மேல இன்னா ஒரு பாசம்." தெருவே பார்த்தது. நான் திருத்தவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு மேலே போனேன். ஜன்னல் ஓரம், வெளிச்சத்தில், காலை நீட்டி உட்கார்ந்து அம்மா நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாளைக்குத்தானே குர்பானி?"

"தெரியும்."

"அப்புறம்?"

"உயிரோட இருக்குறவனுக்குத்தானேடா அதெல்லாம்."

சுண்டுவிரல்வரை வெட்டி முடித்தாள். துணுக்குகளை ஒரு தாளில் மடித்து, கற்றாழைத் தொட்டி மண்ணைக் கிளறிப் புதைத்தாள். நோன்பு திறக்கும்போது, அண்ணனுக்கென்று எப்போதும் ஒதுக்கிவைக்கிற முதல் பேரீச்சம்பழத்தை எடுத்து எனக்குக் கொடுத்தாள். நூர்ஜஹான் சமையலறைக்குள் போய்விட்டாள், அழுவதற்கு.

1 ஜன., திங்கள்

பெருநாள். குளிர். தெருவில் வெடித்த புத்தாண்டுப் பட்டாசுத் தாள்களை மிதித்துக்கொண்டு தொழப் போனோம். ஹஜ்ரத் துஆவில் "அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள், அநியாயமாகக் காணாமல் போனவர்கள்" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டார். ஆமீன் சத்தம் வழக்கத்தைவிடப் பெரியது. கட்டிப்பிடித்து முபாரக் சொன்னார்கள், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. பஷீர் புதுச் சட்டை போடவில்லை.

ஒன்பதரைக்கு ஹஜ்ரத் கத்தியோடு வந்தார். ஆட்டின் காலைப் பிடிக்க பஷீர். முதலில் என் ஆடு. முடிந்தது. இரண்டாவதைப் படுக்கவைத்தார்கள். ஹஜ்ரத் கேட்கவே இல்லை, பதினாறு வருடப் பழக்கம். "முகம்மது யூசுப் மகன் அப்துல் காதர்" என்று தொடங்கினார்.

படிக்கட்டின் மேலேயிருந்து அம்மா. "ரஹ்மத்து. மர்ஹூம்னு சொல்லச் சொல்லு."

இறந்தவர் பேருக்கு முன்னால் வைக்கிற சொல். தினமும் ஒரு போஸ்டரிலாவது அடிக்கிறேன். பத்து தடவை அவளிடம் வாதாடினேன். ஹஜ்ரத் கத்தியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆடு என்னைப் பார்த்தது.

"சொல்லுங்க பாய்" என்றார் ஹஜ்ரத்.

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. ஹஜ்ரத், "என்ன சொன்னீங்க?"

"மர்ஹூம். மர்ஹூம் அப்துல் காதர்."

பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்.

கறியைப் பிரிக்கும்போது பஷீர் மெதுவாக, "காதர்னா யாரு பாய்?"

"எங்க அண்ணன். குவைத்ல இருந்தாரு. பட்டாளத்துக்காரன் புடிச்சிக்கினு போய்ட்டான்."

கொஞ்ச நேரம் எலும்பையே வெட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து சந்து முனையைப் பார்த்தான். எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் மேலே ஏறிப் போனான். அவன் கேட்டது எனக்குக் கீழே கேட்டது. "கயட்டிடட்டா பெரியம்மா?"

"இருக்கட்டும்டா. அவனுக்கும் இன்னிக்குப் பெருநாள்தானே. முடிஞ்சதும் கயட்டு."

பங்கு: வீட்டுக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. செல்விக்கு அண்ணன் ஆட்டுத் தொடை, அம்மா சொல்லி. லீவு நாளிலும் வந்து வாங்கிக்கொண்டு போனாள். "அம்மா, பிரியாணி போட்டு நாளைக்கி எடுத்தாரேன்." நாளை 10 மணிக்கு மயிலாப்பூர் நோட்டீஸ் டெலிவரி. ஐந்தாவது புரூஃப் காட்டப்போவதில்லை.

சாயங்காலம் சவரம் செய்துகொண்டேன். அரிப்பு போனது. அப்புறம் நெயில்கட்டரை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். குர்பானி ஆகிவிட்டது, தாராளமாக வெட்டலாம். கட்டைவிரலில் மடங்கின நகம் இன்னும் வலிக்கிறது. அம்மா உள்ளே தூங்குகிறாள், கைகள் இரண்டும் போர்வைக்கு வெளியே, ஒட்ட வெட்டின நகங்களோடு.

நெயில்கட்டரைத் திரும்ப டிராயரில் போட்டுவிட்டேன். வீட்டில் யாராவது ஒருத்தர் வெட்டாமல் இருக்கட்டும்.