யாரும் சொல்லாத நாற்றம்

பெரியவளுக்கு அப்பா எழுதுவது.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஓர் அநியாயம் செய்துவிட்டீர்கள். என் வாய் நாறியது, வீட்டிலும் தையல் கடையிலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. கடல் தாண்டி இருக்கிற நீகூடச் சொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நலம் விசாரிக்கலாம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, கடையில் வேலை இருக்கிறது, நான் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு பஞ்சைக் கடித்தபடி கட்டிங் மேசையில் வைத்து இதை எழுதுகிறேன். பேச முடியாது. முடிந்தாலும் போனில் சொல்ல மாட்டேன், பல் என்று எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். உன் வலது கன்னம் வீங்கியிருப்பது போன வாரம் வீடியோவில் தெரிந்தது. முடியை முன்னால் இழுத்துவிட்டு மறைத்தாய். அதற்குப் பிறகு வருகிறேன்.

கடைசியில் என்னிடம் சொன்னது யார் தெரியுமா, பஸ் டிரைவர். ரிட்டயர் ஆனவன், என் பழைய கூட்டாளி, சட்டைக்கு அளவு கொடுக்க வந்தான். காலருக்காக டேப்பைக் கழுத்தில் சுற்றிக் குனிந்தேன். நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு, யோவ், வாய்க்குள்ள எலி கிலி செத்துக் கிடக்கா என்று கேட்டான். கடை நிறைய ஆட்கள். ஒருத்தர் சிரிப்பை அடக்கக் கீழே விழாத பட்டனைத் தேடிக் குனிந்துகொண்டார். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கொஞ்ச காலமாக மூக்கோடு சேர்த்துத் துணி கட்டிக்கொண்டு வேலை செய்கிறான், துணித் தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்றான், நானும் பாவம் என்று ஃபேனைத் திருப்பி வைத்தேன், என் பக்கத்துக் காற்றெல்லாம் அவன் முகத்துக்குப் போகிற மாதிரி. அவன் ஊசியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அளவு எடுக்கும்போது எல்லோரும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே, ஆமா, ரொம்ப நாளாவே அடிக்குது, சொன்னா கோபப்படுவீங்கன்னு விட்டுட்டேன் என்றாள். என் குறட்டை தாங்கவில்லை என்று கட்டிலை ஹாலுக்கு மாற்றினாளே, அதுவும் பொய்யாம். உன் தம்பியைக் கேட்டால், அக்காதான் பெப்பர்மின்ட் அனுப்புறாளேப்பா, அதிலேயே சரியாயிடும்னு பேசிக்கிட்டோம் என்கிறான். ஒவ்வொரு பார்சலிலும் ஒரு டப்பா வைத்து, அப்பாவுக்குப் பிடிக்குமே என்று எழுதினாய். நான் அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்து, என் மகள் அனுப்பினது என்று பெருமை பேசினேன். அவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வாய் நாற்றத்தைவிட நீங்கள் காட்டின இந்த மரியாதைதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பல் டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பாய். சின்ன வயதில் என்னை நாற்காலியில் அமுக்கிப் பிடித்து, வலிக்கவே வலிக்காது என்று சொல்லிக்கொண்டே பிடுங்கினார்கள். வலி மறந்துபோயிற்று, அந்தச் சொல் மறக்கவில்லை. அதனால் நானே பார்த்துக்கொண்டேன். பழைய சட்டைகளைப் பிரித்துப் பிரித்தே வெட்டக் கற்றவனுக்கு ஒரு பல் என்ன பெரிய வித்தை. ஓட்டை விழுந்ததும் தையல் நூலை மெழுகில் தேய்த்துச் சுருட்டி உள்ளே திணித்தேன். தளர்ந்தால் அதன் மேல் இன்னொரு சுருள். அடைத்த வேலையில் குறை இருந்ததாக இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டாக்டரம்மாவிடம் கோபத்தில்தான் போனேன். வீட்டு மனிதர்கள் சொல்லாததை வெளி ஆளாவது சொல்லட்டும் என்று. கோபம் வாசல் வரைதான் கூட வந்தது. நாற்காலியைப் பார்த்ததும், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன், எடுத்து வருகிறேன் என்றேன். அது உங்க மூக்குலதான் இருக்குங்கய்யா, உட்காருங்க என்றார். வாயைத் திறந்தேன். மாஸ்க் போட்டிருந்தும் தலையைப் பின்னுக்கு இழுத்தார். நாற்றம் எப்படி என்று கேட்டேன். ரொம்ப மோசம், உள்ளே சீழ் கட்டியிருக்கு, ரெண்டு பல்லும் போயாகணும் என்றார். வலிக்குமா என்றேன். ஊசி குத்தும்போது வலிக்கும், அப்புறம் வலிக்காது, இழுக்கிறது மட்டும் தெரியும் என்றார். சொன்ன இடத்தில் வலித்தது, சொன்ன இடத்தில் நின்றது. அதற்குமேல் எனக்குப் பயம் வரவில்லை.

முதலில் கொக்கியால் அடைப்பை இழுத்தார். இது பல்லா தையல் பெட்டியா ஐயா என்றார். கறுப்பு நூல் வந்தது, அதற்கடியில் காக்கி, அதற்கும் அடியில் நீலம். தட்டில் சீழும் எச்சிலுமாகப் புழுவைப்போலக் கிடந்தது. நீலத்தைக் கண்டதும் தெரிந்துவிட்டது, உன் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் தைத்த நூல். நீ படித்து முடித்துக் கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றுவிட்டாய், அது என் வாய்க்குள்ளேயே ஊறிக் கிடந்திருக்கிறது. அந்த நாற்றத்தை அப்போதுதான் நானே முதன்முதலாக முகர்ந்தேன். எழுந்து போய் வாந்தி எடுத்தேன். இன்னும் விட்டிருந்தால் சீழ் தாடைக்குள் இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பேனாம். முதலில் கன்னம் வீங்குமாம்.

இனி உன் கன்னம். நீ மாத்திரையை விழுங்கிக்கொண்டு ஒரு பக்கமாகவே மெல்லுகிறாயாம், மாப்பிள்ளை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாராம். பல் டாக்டர் என்றால் உனக்கு வரும் பயம் என்னைப் பார்த்து வந்தது, அது எனக்குத் தெரியும். அதற்காக நீங்கள் எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்ய மாட்டேன். அந்தப் பல் கெட்டுப்போய்விட்டது, சீக்கிரம் நாறும், உன் பிள்ளை உன் முகத்தருகே வரத் தயங்கும். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருங்கள் என்று மனதார வாழ்த்துகிறேன், ஆனால் வாழ்த்து சீழை எடுக்காது. ஆகவே மறக்காமல் நடக்க வேண்டியவை: உன் அம்மா கட்டிலை அறைக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். காஜா எடுக்கிறவன் மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டு, நாற்றம் மிச்சமிருந்தால் என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். மற்றப் பற்களுக்கு நான் மறுபடி போக வேண்டும், உன் தம்பி கூட வர வேண்டும், வழியில் திரும்பினால் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். இனி யாரும் பெப்பர்மின்ட் அனுப்பக் கூடாது. மாப்பிள்ளை உன்னை இந்த வாரமே பல் டாக்டரிடம் கூட்டிப்போய், நீ நாற்காலியில் உட்காரும்வரை கதவை மறித்து நிற்க வேண்டும், வலிக்காது என்று மட்டும் சொல்லக் கூடாது. நீ வாயைத் திறக்க வேண்டும்.

பஞ்சைக் கடித்தபடி,
உன் அப்பா